கேமராவின் ஆயுள்

நூலை மதிப்பிடலாம், நாடகத்தை மதிப்பிடலாம், திரைப்படத்தையும் மதிப்பிடலாம். ஆனால் ஒரு புகைப்படக் கருவியை மதிப்பிட இவ்விதழில் இடமுண்டா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மனிதன் சிந்தித்து, வரைந்து, இழைத்துச் செய்த பொருள் எதுவும் ஒருவகையில் படிக்கத்தக்கதே என்பது என் எண்ணம். செய்தவன் எதை முதன்மையாகக் கருதினான், எதை விட்டுக்கொடுத்தான், பயன்படுத்துவோனை எவ்வளவு நம்பினான் என்பனவெல்லாம் பொருளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அத்தகைய ஒரு வாசிப்பே இக்கட்டுரை. இதற்குக் காரணமாயிருந்தவன் என் அக்காள் மகன்.

படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து, முதன்முறையாகக் கையில் சிறிது பணம் சேர்த்திருந்தான். "மாமா, பிலிம் கேமரா ஒன்று வாங்க வேண்டும். ஒருமுறைதான் வாங்க முடியும். ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும்" என்றான். கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கும் தலைமுறைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "பாட்டியைக் கைப்பேசியில் எத்தனையோ முறை எடுத்துவிட்டேன், ஒன்றைக்கூட மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை" என்றான். பாட்டி என்று அவன் சொன்னது என் தாயாரை. எண்பத்தாறு வயது. எனவே அவன் கேட்டது எனக்கு வெறும் வணிகக் கேள்வியாகப் படவில்லை. அவன் கையிலிருந்த தாளில் மூன்று பெயர்கள் இருந்தன: பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஆசைக்காக எழுதிவைத்த லைக்கா எம்3.

இம்மூன்றையும் பற்றிப் பேசுமுன் 'நீடித்து உழைப்பது' என்ற சொல்லையே சற்று உரசிப் பார்க்க வேண்டும். இச்சொல்லைக் கேட்டவுடன் கேமரா விரும்பிகள் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பிரிட்டனைச் சேர்ந்த போர்ப் புகைப்படக் கலைஞர் டான் மக்கலினை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டு, அவர் வைத்திருந்த நிக்கான் எஃப் கேமராவில் பாய்ந்து நின்றது, அவர் பிழைத்தார். உண்மை நிகழ்ச்சிதான். 1959ஆம் ஆண்டு வெளிவந்த அக்கேமராவின் புகழுக்கு இந்நிகழ்ச்சி பெரிதும் உதவியது. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். அந்தக் கருவி பிற்பாடு கண்காட்சியில் வைத்துப் பார்க்கும் பொருளாயிற்று. ஓர் உயிரைக் காத்த உலோகத் துண்டு என்ற வகையில் அது வணக்கத்துக்குரியது. கேமரா என்ற வகையில் அதன் வேலை அன்றோடு முடிந்தது. அடி தாங்குவது வேறு, ஆயுள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே கேமராவைத் தேர்ந்தெடுப்பவர் செய்யும் முதற் பிழை.

இனி, 1976ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வோராண்டிலேயே ஜப்பானிலிருந்து இரு கேமராக்கள் வெளிவந்தன. ஒன்று கேனான் ஏஇ-1. உள்ளே நுண்செயலி வைக்கப்பட்ட கருவி; ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் லென்ஸின் துளையளவைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். மற்றொன்று பென்டாக்ஸ் கே1000. ஒளியின் அளவைக் காட்ட ஓர் ஊசி மட்டும் உண்டு. மற்றதெல்லாம் பயன்படுத்துவோன் பொறுப்பு. முன்னதில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே திறக்காது. பின்னதில் பேட்டரி தீர்ந்தால் ஊசி மட்டும் ஓயும். ஷட்டர் பற்சக்கரத்தாலும் சுருள்வில்லாலும் இயங்குவதால் வழக்கம்போல் திறந்து மூடும். ஊசி ஓய்ந்த பிறகும் வழியுண்டு. நல்ல வெயிலில் துளையளவைப் பதினாறில் வைத்து, ஷட்டர் வேகத்தைப் படச்சுருளின் வேக எண்ணுக்கு இணையாக வைத்தால் போதும்: நூறு என்ற எண்ணுடைய சுருளுக்கு ஏறத்தாழ 1/125 விநாடி. பழைய புகைப்படக்காரர்கள் இக்கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தார்கள்.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயந்திரக் கேமரா நிலைக்கும், மின்னணுக் கேமரா அழியும் என்று பலரும் எழுதுவது முழு உண்மையன்று. ஏஇ-1 கேமராக்கள் பல இன்றும் இயங்குகின்றன. இரண்டுக்குமுள்ள மெய்யான வேறுபாடு ஆயுளின் நீளத்தில் இல்லை. அவை சாகும் விதத்தில் இருக்கிறது. மின்சுற்று நேற்றுவரை ஒழுங்காக இயங்கி, இன்று ஒரேயடியாக நின்றுவிடும். அந்தச் சில்லைப் புதிதாகச் செய்து தருவார் எவருமில்லை. இயந்திரமோ நோய்வாய்ப்பட்ட முதியவரைப் போன்றது. ஒரு விநாடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர் ஒன்றேகால் விநாடி, ஒன்றரை விநாடி என்று தளரும். உள்ளே போடப்பட்ட எண்ணெய் உலர்ந்துவிட்டது என்பதன் அறிகுறி அது. காதுள்ளவன் கேட்கலாம், காலத்தோடு வைத்தியம் பார்க்கலாம். ஆகவே, உடையாத கேமரா என்று ஒன்றைத் தேடுவதைவிட, உடைந்தபின் செப்பனிடத் தக்க கேமராவைத் தேடுவதே அறிவுடைமை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கே1000ஐ நோக்கினால், அதன் புகழில் பாதி நியாயமானது, பாதி மிகை என்று தோன்றுகிறது. 1976 முதல் 1997 வரை இருபத்தோர் ஆண்டுகள் பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்டது. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. உலகெங்கும் புகைப்படக்கலை மாணவர்களின் முதற் கேமராவாக இருந்தது. இத்தனை எண்ணிக்கையில் இருப்பதே ஒரு பலம். ஒன்று பழுதானால் மற்றொன்றின் உறுப்பைக் கழற்றிப் பொருத்தலாம். ஷட்டர் துணித்திரையாலானது, கிடைவாக்கில் ஓடும், உச்ச வேகம் 1/1000 விநாடி. கைத்திறன் மிக்க மெக்கானிக் அத்திரையையே மாற்றிவிட முடியும்.

மிகை எங்கே என்றால், இது தனித்து உதித்த மேதைப் படைப்பன்று. அதற்கு ஓராண்டு முன்பே, 1975இல், பென்டாக்ஸ் கேஎம், கேஎக்ஸ் என்ற கேமராக்களை வெளியிட்டது. கேஎம்மிலிருந்து தானியங்கு நேரக் கருவியையும், படத்தில் எவ்வளவு ஆழம் துலங்கும் என்று முன்கூட்டிக் காணும் வசதியையும் நீக்கி, விலையைக் குறைத்து விற்றதே கே1000. ஒளியளக்கும் ஊசிக்கு ஒரு விசைகூடக் கிடையாது. லென்ஸை மூடியால் மூடினால்தான் பேட்டரி மிஞ்சும். பிந்தைய ஆண்டுகளில் தயாரிப்பு ஹாங்காங்குக்கும் பின்பு சீனாவுக்கும் மாறியபோது உலோகம் இருந்த இடங்கள் சிலவற்றில் பிளாஸ்டிக் புகுந்தது. இருந்தும் இன்று பழைய கேமராச் சந்தையில் தம்பி அண்ணனைவிடப் பெயர்பெற்று நிற்கிறான். பெயரைக் கேட்டு வாங்குவோர் உள்ளவரை இது இப்படித்தான் இருக்கும். நூல்களின் உலகில் நாம் காணாததா?

நிக்கான் எஃப்எம்2 வேறு தரத்தது. 1982இல் வெளிவந்து 2001 வரை தயாரிப்பில் இருந்தது. பேட்டரியின் துணையின்றி, வெறும் பற்சக்கரமும் சுருள்வில்லும் கொண்டு, 1/4000 விநாடி வேகத்தை எட்டியது. அக்காலத்தில் இது வியப்புக்குரிய சாதனை. துணித்திரைக்கு மாறாக மெல்லிய டைட்டானியத் தகடுகள். அவற்றில் தேன்கூட்டு வடிவில் பொறிக்கப்பட்ட பள்ளங்கள். எடை குறைய வேண்டும், உறுதி குறையக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தகடுகள் கிடையாக முப்பத்தாறு மில்லிமீட்டர் ஓடாமல், செங்குத்தாக இருபத்து நான்கு மில்லிமீட்டரே ஓடுவதால் வேகம் கூடியது. ஒளியளவைக் காட்ட ஊசி இல்லை. கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று செந்நிற விளக்குகள். அரையிருளிலும் கண்ணுக்குத் தெரியும். கையில் எடுத்தால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இதைவிடச் செம்மையான இயந்திரக் கேமராவை நான் தொட்டதில்லை.

ஆயினும் அதன் பெருமையே அதன் குறையுமாகிறது. அவ்வளவு மெல்லிய தகட்டில், படச்சுருள் மாட்டுகையில் விரல்நுனி அழுந்தினால் நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்த இயலாது. ஷட்டர் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். அதற்கு மற்றொரு எஃப்எம்2 பலியாக வேண்டும். துணித்திரையைத் தைக்கும் கைக்கு டைட்டானியத்தில் வேலை இல்லை.

எஃப்எம்2இன் பெயரோடு ஒரு புகழ்பெற்ற படமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இறுதியில், பாகிஸ்தானில் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதிகள் முகாமில், ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் முகம். 1985 ஜூனில் நேஷனல் ஜியாகிராபிக் இதழின் அட்டையில் வந்தது. அப்படம் எஃப்எம்2இல் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லியே இன்றும் அக்கேமரா விற்கப்படுகிறது. நான் அப்படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவது எது? பச்சை விழிகளின் அச்சமும் சினமும், பக்கவாட்டிலிருந்து விழும் மென்மையான ஒளி, கிழிந்த செந்நிற முக்காடு. இவற்றில் 1/4000 விநாடிக்கு என்ன வேலை? அப்படத்தில் அந்த லென்ஸுக்குப் பங்குண்டு, கோடக்ரோம் என்ற அந்தப் படச்சுருளின் நிறத்துக்குப் பெரும் பங்குண்டு, அந்தச் சிறுமியின் துயரத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய பங்கு. பின்னால் நின்ற பெட்டி வேறெதுவாக இருந்திருந்தாலும் நட்டமில்லை. பிறர் துயரத்தை விளம்பரப் பலகையாக்கிக் கேமரா விற்பது எனக்கு உவப்பாயில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

லைக்காவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1954இல் வந்த எம்3 நான் சொன்ன அளவுகோலில் முழு மதிப்பெண் பெறும். அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்றும் உலகில் இருக்கிறார்கள். ஆனால் லென்ஸைத் திறந்தபடி வெயிலை நோக்கி வைத்துவிட்டால் அதன் துணித்திரையைச் சூரியன் பொசுக்கித் துளையிட்டுவிடும் என்பதையும், அதன் விலை இப்போது நகைக்கடையின் பக்கம் போய்விட்டது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெளியே எடுக்க அஞ்சும் கேமராவால் பயன் என்ன? மைத்தானி யோஷிஹிசா வடிவமைத்த ஒலிம்பஸ் ஓஎம்-1 அழகிய சிறு கருவி. அதன் ஒளியளப்பான் பாதரச பேட்டரிக்கென்று அமைக்கப்பட்டது. பாதரச பேட்டரி தடைசெய்யப்பட்டபின் அது ஏதேனும் ஒரு மாற்றேற்பாட்டை நம்பியே வாழ்கிறது.

இவ்வளவும் தொழிற்சாலையிலிருந்து புதிதாய் வந்த கேமராக்களைப் பற்றியது. நம் கைக்கு வருவதோ நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எவர் வீட்டு அலமாரியிலோ கிடந்த கேமரா. அங்கேதான் தேர்வின் முழுக் கடினமும் இருக்கிறது. பின்கதவைத் திறந்து விளிம்புகளில் ஒட்டப்பட்ட கரும்பஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்சம் உட்புகாமல் தடுக்க வைத்த அப்பஞ்சு காலப்போக்கில் தார்போல் உருகி விரலில் ஒட்டும். இது பெரிய குறையன்று, சில மணி நேர வேலையில் மாற்றிவிடலாம். ஆனால் ஓஎம்-1இல் அதே பஞ்சு மேலேயுள்ள பட்டகக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சையே அரித்துவிடும். பிறகு ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். ஓட்டத்தில் திணறல் இருக்கக்கூடாது. உச்ச வேகத்தில் வைத்து, லென்ஸைக் கழற்றி, பின்வழியே வெண்சுவரைப் பார்த்து அழுத்தினால் சட்டகம் முழுதும் ஒரு கணம் ஒளிர வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் திரை பின்தங்குகிறது என்று பொருள்.

லென்ஸைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியை ஊடுருவ விட்டால் சிலந்தி வலை போன்ற மெல்லிழைகள் தெரியலாம். அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களில் கேமராவைக் கொல்வது குண்டுமன்று, வீழ்ச்சியுமன்று, இந்தப் பூஞ்சைதான். பத்திரமாக இருக்கட்டும் என்று தோலுறையில் போட்டு, அதைத் துணி மடிப்புகளுக்கிடையே வைத்து, அலமாரியைப் பூட்டுகிறோம். ஈரமும் இருளும் காற்றோட்டமின்மையும் கூடுமிடத்தில் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்று, கடைசியில் கண்ணாடியிலேயே தடம் பதிக்கிறது. அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தியவனின் கேமரா கீறல்களோடு உயிர் வாழ்கிறது. போற்றி வைத்தவனுடையது குருடாகிறது.

இவற்றையெல்லாம் கேட்ட மருமகன், "அப்படியானால் எதைத்தான் வாங்குவது?" என்று சற்றே சலிப்போடு கேட்டான். முதலில் கேமராவைத் தேர்ந்தெடுக்காதே, மெக்கானிக்கைத் தேர்ந்தெடு என்றேன். ஒருகாலத்தில் நகரங்களில் ஸ்டூடியோக்களை ஒட்டி, சிறு மேசை விளக்கின் கீழ், கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒருவர் அமர்ந்திருப்பார். அந்தத் தொழில் பெரும்பாலும் தந்தையோடு முடிந்தது. மக்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கு எந்தக் கேமராவின் உட்புறம் பழக்கம், எதன் உதிரி உறுப்புகள் அவருடைய தகரப் பெட்டியில் கிடக்கின்றன என்று கேட்பதே அறிவான தேர்வு. உலகத்திலேயே சிறந்த கேமரா, அதைத் திறக்கத் தெரிந்த கை ஐந்நூறு கல் தொலைவில் இருந்தால், உனக்குச் சிறந்ததாகாது.

இன்னொன்றும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. கேமரா நிலைத்தாலும் படச்சுருள் நிலைக்க வேண்டுமே! ஆப்கானியச் சிறுமியின் முகத்தைப் பதித்த கோடக்ரோமின் தயாரிப்பு முடிவை கோடக் 2009இல் அறிவித்தது. அதைக் கழுவித் தந்த கடைசி நிலையம் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் இறுதியோடு அதுவும் சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அன்றைய எஃப்எம்2கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் ஓடிய அந்தச் சுருள் இல்லை. நம் வாசலிலேயே சான்றுண்டு. 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தின் குளிரில் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. நம்மில் பலருடைய பெற்றோரின் திருமணப் படம் அச்சுருளில் பதிந்ததாயிருக்கலாம். நட்டத்தில் தள்ளாடி அதுவும் மூடப்பட்டது. இன்று வாங்கும் கருப்பு வெள்ளைச் சுருள் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கப்பலேறி வர வேண்டும். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். விலையை எண்ணினால் ஒவ்வொரு முறையும் விரல் தயங்கும். அத்தயக்கத்தை நான் குறையென்று கொள்ளவில்லை. ஆனால் அது செலவு என்பதை மறைக்கவும் கூடாது.

என் பேச்சை அவன் நம்ப வேண்டுமென்றால் என் தவற்றையும் சொல்லத்தானே வேண்டும்? 1996இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டுக்குச் சென்றபோது நண்பர் ஒருவரிடம் இயந்திரக் கேமரா ஒன்றை இரவல் வாங்கிப் போயிருந்தேன். என் தந்தையைத் திண்ணையில் அமர்த்தி, கிணற்றடியில் நிற்கவைத்து, பேரனைத் தூக்கச் சொல்லி, ஒரு சுருள் முழுவதும் எடுத்தேன். எண்காட்டி முப்பத்தாறு காட்டியது. மேலும் இரண்டு எடுத்தேன், அதுவும் ஓடியது. அப்போதே ஐயுற்றிருக்க வேண்டும். கழுவக் கொடுத்த சுருள் தொடக்கம் முதல் இறுதிவரை வெறுமையாகத் திரும்பி வந்தது. சுருளின் முனை உட்சக்கரத்தின் பிளவில் பிடிக்கவேயில்லை. எண்காட்டி படங்களை எண்ணுவதில்லை, நாம் லீவரைத் தள்ளிய தடவைகளையே எண்ணுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். கேமரா பழுதற்றது, ஒவ்வொரு முறையும் இனிய ஓசையுடன் திறந்து மூடியது. இடப்பக்கத்தில், சுருளைத் திருப்பிச் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கிறது. உள்ளே சுருள் நகர்ந்தால் லீவரைத் தள்ளும்போதெல்லாம் அக்குமிழ் சுழலும். அதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் தந்தை இறந்துபோனார். ஊர் ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கித்தான் வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் தேடி, பக்கத்து மாவட்டத்தில் முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்தான். அவருடைய பெட்டியில் பென்டாக்ஸ் உறுப்புகளே மிகுதியாயிருந்தன. எஃப்எம்2 ஆசையை அவன் அங்கேயே விட்டுவிட்டான் போலும். கே1000க்குக் கேட்கும் விலையைவிடக் குறைவாக, பெயரில்லாத அண்ணனான கேஎம் ஒன்று கிடைத்தது. முதியவர் பழைய பஞ்சைச் சுரண்டியெடுத்து, எண்ணெய் மாற்றி, ஒரு விநாடி ஓசையை அவனையே கேட்கச் சொல்லித் தந்தனுப்பினாராம்.

போன ஞாயிறு மாலை தொலைபேசியில் அழைத்தான். பாட்டியைத் திண்ணையில் அமர்த்தி ஐந்தாறு எடுத்தானாம். அம்மா தலைவாரிக்கொள்ளாமல் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தாராம். கழுவ இன்னும் கொடுக்கவில்லை; முப்பது படம் மீதமிருக்கிறது.

"குமிழைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு முறையும் சுற்றியது, மாமா" என்றான்.